மலை ஏறாத வலை

கற்பிப்போனுக்கு உரிய கருவிகள் யாவை என்று முற்காலத்தில் ஒருவர் வினவியிருப்பின், ஏடும் எழுத்தாணியும் என்று விடை வந்திருக்கும். நம் பாட்டனார் காலத்திலாயின் நூலும் கரும்பலகையும் வெண்கட்டியும் என்றிருப்பர். இன்று பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவரிடம் இவ்வினாவைக் கேட்டுப் பாருங்கள். அவர் வாயில் முதலில் வருஞ்சொல் இணையம் என்பதாகவே இருக்கும். பாடக்குறிப்பு அதில் இருக்கின்றது. மாணாக்கர் எழுதிய விடை அதில் வந்து சேர்கின்றது. நூலகத்து ஆய்விதழ் அதன்வழியே திறக்கின்றது. பதிவாளர் அலுவலகத்துச் சுற்றறிக்கையும் அதிலேதான் வருகின்றது.

ஆயினும் இக்கருவிக்கும் பழைய கருவிகளுக்கும் ஒரு பெருவேற்றுமை உண்டு. ஏட்டுச் சுவடியைக் கட்டித் தோளிலே தூக்கிய புலவன் எவ்வூர்க்குச் சென்றாலும் அஃது அவனோடு சென்றது. இணையமோ கையில் இருப்பதுபோலத் தோன்றுமேயன்றிக் கையில் இருப்பதில்லை. எங்கோ தொலைவில் இருப்பவற்றோடு நம்மைப் பிணைக்கும் கயிறு அது. அக்கயிறு அறுந்தவிடத்து ஆயிரம் நூல் கற்ற பேராசிரியரும் வெறுங்கையராகின்றார்.

பல்கலைக்கழகத்து மதிலுக்குள் அக்கயிறு எளிதில் அறுவதில்லை. மதிலைக் கடந்து வீடு செல்லும்போதும், வெளியூர்க்குப் பயணஞ் செய்யும்போதும் அதற்கு என்ன நேர்கின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். மாதச் சம்பளம் வாங்கும் சிலரது வசதி பற்றிய சிறு விடயந்தானே இது என்று வாசகர் எண்ணுதல் கூடும். கொழும்பிலும் கண்டியிலும் இருந்து நோக்குவார்க்கு அவ்வாறே தோன்றும். ராகலையில் இருந்து நோக்கும் எனக்கோ, மலையகம் ஈன்ற கல்விமான்கள் மலையகத்தில் வாழ இயலுமா, இயலாதா என்பதைத் தீர்மானிக்கும் விடயமாக இது தோன்றுகின்றது. அதனாலேயே தமிழாசிரியனாகிய யான் இதுபற்றி எழுதத் துணிந்தேன்.

பயணிக்கு ஒரு மடம்

குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுதல் முறை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இவ்விடயத்தில் உறங்கிக் கிடந்தன அல்ல. பொதுமக்கள் இணையம் என்ற சொல்லையே கேட்டறியாத 1990ஆம் ஆண்டளவில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அபய இந்துருவ முதலியோர் முன்னின்று, பல்கலைக்கழகத்தாருக்கான மின்னஞ்சற் சேவை ஒன்றைத் தொடக்கினர். அம்முயற்சியே வளர்ந்து, ‘லேர்ன்’ என்று சுருக்கமாக வழங்கும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்பு ஆயிற்று. பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் தம்முள்ளும், வெளிநாட்டுக் கல்வி வலைகளோடும் இணைத்து நிற்பது அவ்வமைப்பே.

அவ்வமைப்பின் வழியாக நமக்குக் கிடைத்த நன்மைகளுள் ஒன்று ‘எடுரோம்’ என்னும் ஏற்பாடு. 2002ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்துக் கல்வி வலையமைப்பில் முளைத்த எண்ணம் இது; இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் வழங்குகின்றது. பேராதனையிற் பணிபுரியும் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ, சென்னைக்கோ, இலண்டனுக்கோ சென்றாரென வைத்துக்கொள்வோம். அங்கும் எடுரோம் இருப்பின், அவர் கைத்தொலைபேசி எவரிடமும் கடவுச்சொல் இரந்து நில்லாமல் தானே இணைந்துவிடும். சென்றவிடத்துக் கருவி, ‘இவர் உங்களைச் சேர்ந்தவர்தாமா?’ என்று அவரது சொந்தப் பல்கலைக்கழகத்துக் கருவியை வினவுகின்றது. ‘ஆம், எம்மவரே’ என்ற விடை கணப்பொழுதில் வந்து சேர, வாயில் திறக்கின்றது. அவருடைய கடவுச்சொல் மறைபொருளாகவே சொந்தப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைவதால், விருந்தோம்பும் நிறுவனத்தார் அதனை அறியார்.

இதனை முதன்முறை கேள்வியுற்றபோது எனக்கு ஆற்றுப்படை நினைவு வந்தது. பரிசில் பெற்று மீளும் ஒருவன் பெறாத ஒருவனை வழியிற் கண்டு, இன்ன வழியே சென்று இன்ன வள்ளலை அடைக என்று நெறிப்படுத்துவது அவ்விலக்கிய வகை. ஒருவன் மற்றொருவனுக்குச் சான்றாகின்றான். அச்சான்றை நம்பிப் புதியவனுக்கு வாயில் திறக்கின்றது. யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களிலே வழிப்போக்கர் தங்க மடங்களும், சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கற்களும் நம் முன்னோர் அமைத்தமை யாவரும் அறிவர். பருத்தித்துறைத் தெருமூடி மடம் இன்றும் அதற்குச் சாட்சியாக நிற்கின்றது. வருபவன் யார், எவ்வூரான் என்று வினவாமல் நிழல் தந்தது மடம். கற்றோர்க்கென உலகளாவிய மடம் ஒன்றை இக்காலத்தார் அமைத்துள்ளனர் என்பதில் நாமும் பெருமை கொள்ளலாம்.

நூலகத்தின் இரு வாயில்கள்

இங்கே ஒரு நுட்பத்தையும் விளக்குதல் நன்று. இணையங் கிடைத்தவுடன் நூலகமுங் கிடைத்துவிடும் என்று பலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. பல்கலைக்கழகம் பெரும்பொருள் கொடுத்துப் பெறும் ஆய்விதழ்கள் பலவும், வருபவர் எங்கிருந்து வருகின்றார் என்பதைப் பார்த்தே வாயில் திறப்பன. ஒவ்வோர் இணைப்புக்கும் முகவரி எண் ஒன்று உண்டு. பல்கலைக்கழகத்து எண்ணைக் கண்டால் ஆய்விதழ் திறக்கும். அதே பேராசிரியர் வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பனியின் இணைப்பு வழியே சென்றால், அவரை வழிப்போக்கரென எண்ணிப் பணங் கேட்கும்.

இதற்கு மருந்தாக ‘விபிஎன்’ என்று வழங்கும் மறைவழி ஒன்று உண்டு. வீட்டிலிருப்பவரை முதலிற் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்துச் சென்று, அங்கிருந்து புறப்பட்டவர்போல நூலகத்துக்கு அனுப்பிவைப்பது அது. மற்றொரு முறையிலே, நூலகத்தார் தாமே பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு உள்ளே விடுவர். ஆகவே பயணத்துக்கு எடுரோம், நூலகத்துக்கு மறைவழி என்று இரண்டும் வேண்டும். ஊழியர் பலர் இவ்விரண்டையும் தம் கருவியில் அமைத்துக்கொள்ளாமலே ஊர் புறப்பட்டு, சென்றவிடத்து இடருறுகின்றனர். புறப்படுமுன் தம் பல்கலைக்கழகத்துக் கணினிப் பகுதியாரை அணுகி, மதிலுக்குள் இருக்கும்போதே இவற்றை அமைத்துச் சரிபார்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை.

தமிழ் கற்பிப்போர்க்கு இதனால் விளையும் பயன் சிறிதன்று. 19ஆம் நூற்றாண்டிலே ஏட்டுச் சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையரும், சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் பட்ட பாடு பெரிது. இன்று 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கிற் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தார் பழந்தமிழ் நூல்களை விரித்து வைத்துள்ளனர். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியை இருந்தவிடத்திலேயே புரட்டலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கேட்டு நெஞ்சு கருகிய தலைமுறையினர்க்கு, தீ தீண்டாத இந்நூலகங்களின் அருமை நன்கு விளங்கும். ஆயினும் கயிறு எட்டாதவர்க்கு இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயே.

ராகலைக்கு வந்த இருப்புப் பாதை

இனி மலைக்கு வருவோம். இவ்வூர்க்கு ஒரு காலத்தில் இருப்புப் பாதை இருந்தது என்றால் இக்காலத்துப் பிள்ளைகள் நம்பார். நானுஓயாவிற் புறப்பட்டு, நுவரெலியா, கந்தப்பளை வழியாக மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றி வந்த அகலங் குறைந்த பாதை அது. 1904ஆம் ஆண்டிலே ராகலையை அடைந்தது. கொழுந்தைத் தூளாக்கிப் பெட்டியில் அடைத்துக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்பவே அது மலையேறிற்று. சரக்குந்துகள் அத்தொழிலைக் கவர்ந்துகொண்டபின் பாதை தேவையற்றதாயிற்று. 1940களில் அது முற்றாக நிறுத்தப்பட்டது. அதன்வழியே பயணஞ் செய்து பழகிய மக்களைக் கேட்டு எவரும் அதனை இடவுமில்லை; கேட்டு எடுக்கவுமில்லை.

மலையகத்துக்கு வந்த பாதைகள் பலவற்றின் வரலாறு இதுவே. சரக்கு இருக்குமிடத்துக்குப் பாதை வரும்; மனிதர் இருக்குமிடத்துக்கு அது தானாக வருவதில்லை. இன்றைய இணையமும் இவ்விதிக்கு விலக்காகவில்லை. கம்பனியார் கோபுரம் நாட்டுவது வாடிக்கையாளர் மிகுந்த பட்டினத்தையும் பெருஞ்சாலையையும் நோக்கி. வானொலி அலையோ நேர்கோட்டில் ஓடும் இயல்பினது. குறுக்கே மலை நின்றால் அம்மலையின் பின்புறம் நிழல் விழும். லயங்கள் பல பள்ளத்தாக்கின் மடியிலே, காற்று வீசாத சரிவிலே கட்டப்பட்டவை. அவை அந்நிழலுக்குள் அகப்பட்டுக்கொண்டன. ராகலைப் பட்டினத்துக் கடைத்தெருவில் விரைந்தோடும் இணையம், ஒரு மலைத்திருப்பத்துக்கு அப்பால் உள்ள லயத்திலே மூச்சடைத்து நிற்பதன் காரணம் இதுவே.

மின்சாரம் நின்றால் இந்நிலை மேலும் இழியும். கோபுரத்து மின்கலம் சில மணி நேரமே தாங்கும். 2022 மார்ச்சு இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு நிலவியதை யாவரும் நினைவில் வைத்திருப்பர். 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயலின் பெருமழையால் நுவரெலியா மாவட்டத்திற் பாரிய மண்சரிவுகள் நிகழ்ந்து, பாதையும் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தபோது, உயிரோடிருக்கின்றோம் என்ற ஒரு சொல்லை உறவினர்க்கு அனுப்பவும் வழியில்லாமல் மக்கள் தவித்தனர்.

முகவரி இல்லா வீடு

கோபுரத்தை நம்பாமற் கம்பியிணைப்புப் பெறலாமே என்று பட்டினத்து அன்பர் கேட்கக்கூடும். இங்கேதான் மலையகத்துக்கே உரிய முடிச்சு இருக்கின்றது. வீட்டிணைப்புக் கேட்பவரிடம் வீட்டு முகவரிக்குச் சான்று கேட்கின்றனர். லயக்காம்பராவில் வாழும் பலருக்குத் தனி முகவரி ஏது? தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, பின்னரே உரியவர் கையை அடைவது நெடுங்கால வழக்கம். வீடு அவர் பெயரில் இல்லை. நிலம் அவர் பெயரில் இல்லை. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபின், தோட்டப் பாதையோரம் ஒரு கம்பம் நடுவதற்கும் கம்பனியின் இசைவு வேண்டியதாயிற்று.

தோட்ட எல்லைக்குள் அறிவு எளிதாக நுழைய விடப்படாமை இன்று நேற்று வந்ததன்று. தொழிலாளரைக் காணவேண்டித் துணி வணிகர் வேடம் புனைந்து தோட்டங்களுக்குள் புகுந்தார் கோ. நடேசய்யர் என்று சொல்லப்படுகின்றது. அக்காலத்திற் செய்தித்தாள் மறைவாகவே உள்ளே வந்தது. இன்று தடுப்பார் எவருமிலர். காவற்காரன் நிற்கும் வாயிலும் இல்லை. ஆயினும் விண்ணப்பப் பத்திரத்தில் முகவரி என்று அச்சிட்ட ஒரு வரி, அந்தக் காவற்காரனுடைய வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருக்கின்றது.

ஒரு விரிவுரையாளரின் நிலை

என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்ற மாணவி ஒருவர், பின்னர்ப் பல்கலைக்கழகஞ் சென்று தேறி, இன்று பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளராக விளங்குகின்றார். அவர் தாயார் நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். இப்போது நோயுற்று லயத்திலேயே இருக்கின்றார். வேறு துணை இல்லை. 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இம்மகளும் தாயிடம் வந்து சேர்ந்தார். வகுப்புகளோ நிற்கவில்லை, ‘சூம்’ வழியே நடந்தன.

காம்பராவில் ஓர் அலையும் வரவில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயில் மேட்டிலே மட்டும் ஓரளவு வந்தது. எனவே ஒரு கையிற் குடையும் மறுகையிற் கைத்தொலைபேசியுமாக அம்மேட்டில் நின்றே அவர் பாடம் நடத்தினார். பனிமூட்டம் இறங்கினால் பாடம் தடைப்படும். மழை வந்தால் நின்றுவிடும். ‘ஐயா, பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது உலகத்து நூலகமெல்லாம் என் மேசைமேல் இருக்கிறது. அம்மாவைப் பார்க்க வந்துவிட்டால், நான் விரிவுரையாளர் என்பதற்கு அடையாள அட்டை ஒன்றுதான் சாட்சி’ என்று அவர் என்னிடம் கூறிய சொற்கள் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றன.

இது தனியொருவர் கதையன்று. 2021இல் ஊவா மலைக் கிராமம் ஒன்றில் ஆசிரியையும் மாணவரும் சிறுத்தை உலவும் காட்டைக் கடந்து மலையுச்சி ஏறிப் பாடம் பெற்ற செய்தி உலகெங்கும் வெளிவந்தது.

அக்காலத்தில் நிகழ்ந்த நல்லதொன்றையும் மறைத்தல் தகாது. பல்கலைக்கழகத் தளங்களுக்கும், லேர்ன் வழியாக நடந்த சூம் வகுப்புகளுக்கும் டேட்டாக் கட்டணம் அறவிடாதிருக்கத் தொலைபேசிக் கம்பனிகள் 2020இல் இணங்கின. நாட்டுக்குப் பெருநன்மை விளைத்த செயல் அது. ஆயினும் அது காலவரையறை உடைய சலுகை. காலம் முடிந்தது, சலுகையும் முடிந்தது. 2022 செப்டெம்பரிலோ தொலைபேசி, இணையக் கட்டணங்கள் நூற்றுக்கு இருபது வீதம் உயர்ந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாயும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயுமாக நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய வீட்டிலிருந்து எழுந்துவந்த இளம் விரிவுரையாளர் தன் சம்பளத்திலே தாயின் மருந்துக்கும், தம்பியின் படிப்புக்கும், அலுவலக வேலைக்குரிய டேட்டாவுக்கும் பங்கிட வேண்டியிருக்கின்றது. வெண்கட்டியை ஆசிரியன் தன் பணத்தில் வாங்கிவர வேண்டும் என்று எந்தப் பாடசாலையாவது விதித்தது உண்டா?

எது பறிபோகின்றது?

இனி இவ்விடயத்தின் மையத்துக்கு வருவோம். 1823ஆம் ஆண்டை வருகையின் தொடக்கமாகக் கொண்டு, 2023இல் ‘மலையகம் 200’ என்று நினைவு கூர்ந்தோம். இருநூறு ஆண்டுகளில் இம்மக்கள் பெற்ற செல்வம் யாது? நிலமன்று, வீடன்று. அரும்பாடுபட்டு அவர்கள் ஈட்டிய செல்வம் கற்ற பிள்ளைகளே. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்து, அங்கேயே ஆசிரியராகவும் நூலகராகவும் ஆய்வுகூட உத்தியோகத்தராகவும் எழுதுவினைஞராகவும் அமர்ந்திருப்போர் சிலரே. அச்சிலரும் வார இறுதியில் ஊர் வந்தால் வேலை கெடும். விடுமுறையில் வந்தால் ஆய்வு நிற்கும். தாய் நோயுற்று ஒரு திங்கள் தங்க நேர்ந்தால் பதவியுயர்வே தடைப்படும் என்ற நிலை இருப்பின், அவர் என் செய்வார்? கண்டியிலோ கொழும்பிலோ வாடகைக்கு வீடு பிடித்துப் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போவார். அழைக்க முடியாதவர் வருதலைக் குறைத்துக்கொள்வார்.

அதனால் ஊருக்கு வரும் இழப்பு யாது? பாடசாலைப் பிள்ளை ஒருவன் விரிவுரையாளரை நேரிற் காண்பதில்லை. ‘அந்த அக்கா நம் லயத்துப் பிள்ளை’ என்று தாய்மார் சுட்டிக்காட்ட ஆளில்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாத மாணவன் கேட்டறிய வாயிலில்லை. கோயில் திருவிழாவிலும், வாசிகசாலைக் கூட்டத்திலும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் கற்றவரின் குரல் ஒலிப்பதில்லை. கொழுந்து வெளியூர் போவதுபோலவே கல்வியும் வெளியூர் போகின்றது. கொழுந்துக்காவது கூலி என்று ஏதோ திரும்பி வருகின்றது; கல்விக்கு அதுவும் இல்லை.

மறுப்பும் விடையும்

தோட்டத்துப் பிள்ளைகளுக்கே இணையம் இல்லாதபோது, சம்பளம் பெறும் பல்கலைக்கழகத்தாருக்கு வேண்டுமெனக் கேட்பது முறையா என்பது ஒரு மறுப்பு. வலிய மறுப்புத்தான். ஆயின், வேண்டுவது தனியொருவர் காம்பராவுக்குள் ஒரு விளக்கன்று. விரிவுரையாளரின் பொருட்டு ஊர்ப் பாடசாலை வரை வலை வந்தால், பகலில் அவ்வலையிற் பிள்ளைகள் படிப்பர். விருந்தினன் பொருட்டு மடத்துத் திண்ணையில் ஏற்றிய விளக்கு, தெருவிற் போவார் அனைவருக்கும் ஒளி தருகின்றதல்லவா?

வீட்டிலும் இணையம் என்றால் வீடும் அலுவலகமாகிவிடுமே என்பது மற்றொரு மறுப்பு. இதுவும் நியாயமே. பிரான்சு தேசத்தில், வேலை நேரம் கடந்தபின் இணைப்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை 2017ஆம் ஆண்டு முதல் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது. கதவு இருப்பது வேறு, எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்பது வேறு. கதவை மூடும் உரிமையும் கதவு உடையவனுக்கே உண்டு. கோயில் மேட்டில் நனைந்துகொண்டு நிற்பவர்க்கு அவ்வுரிமையைப் பற்றிப் பேசுதல் பசித்தவனுக்குப் பத்தியம் கூறுதலை ஒக்கும்.

வானத்துக் கோள்வழி இணையம் வந்துவிட்டதே என்பர் சிலர். ‘ஸ்டார்லிங்க்’ சேவை 2025 சூலையில் இலங்கையில் தொடங்கியது உண்மையே. மலை மறைக்காத வழி அது. ஆயினும் அதன் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் ஆகும் பொருள் லயத்துக் குடும்பத்துக்கு எட்டாக்கனி. பாடசாலை ஒன்றுக்கோ பொது நூலகம் ஒன்றுக்கோ அதனைப் பொருத்தினால் அப்போது பயன்படும்.

செய்யத்தக்கன

முதலாவதாக, எடுரோம் என்னும் மடத்தைப் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே கொண்டுவருதல் வேண்டும். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலே புகையிரத நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் அது கிடைக்கின்றது. அமெரிக்காவின் உட்டா மாநிலத்திற் பாடசாலைகளுக்கும் பொது நூலகங்களுக்கும் அதனை விரித்துள்ளனர். நம் நாட்டிலும் லேர்ன் அமைப்பும் கல்வியமைச்சும் உள்ளூராட்சி மன்றங்களும் கூடிப் பேசினால், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி, கொட்டகலை ஆசிரியர் கலாசாலை, உயர்தர வகுப்புள்ள மலையகப் பாடசாலைகள், பிரதேச சபை நூலகங்கள், நானுஓயா, ஹட்டன் புகையிரத நிலையங்கள் ஆகியவற்றிலே இதனை அமைத்தல் இயலாததன்று. இணைப்புள்ள இடங்களிற் புதிதாகக் கம்பியும் வேண்டா. வாயிலிற் சான்று கேட்கும் முறையை அமைத்தலே பெரும்பணி. முன்னர் நாடெங்கும் திறந்த ‘நெனசல’ அறிவு மையங்களுட் பல, பேணுவாரின்றி நாளடைவில் ஓய்ந்தன. அவ்வாறாகாதபடி, ஒவ்வோரிடத்துக்கும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்தலும் வேண்டும்.

இரண்டாவதாக, 2020இற் சலுகையாகத் தந்ததை நிரந்தர ஒழுங்காக்குதல் வேண்டும். பல்கலைக்கழகத் தளத்துக்கும் நூலகத்துக்கும் செல்லும் ஊழியரும் மாணவரும் அதற்கென டேட்டாக் கட்டணம் செலுத்தலாகாது. அலுவலின் பொருட்டுச் செலவாகும் ஏனைய இணைப்பை, பயணப்படியைப் போல, அலுவலகச் செலவாகவே கொள்ளுதல் வேண்டும். விரிவுரையாளர்க்கு மட்டுமன்றி, வீட்டிலிருந்து வேலை செய்யப் பணிக்கப்படும் எழுதுவினைஞர்க்கும் இது பொருந்தும்.

மூன்றாவதாக, முகவரி. லயமாயினும் தனி வீடாயினும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமும் பெயரும் உள்ள முகவரி வேண்டும் என்பது நெடுநாளைய கோரிக்கை. கடிதத்தின் பொருட்டுக் கேட்ட அதனை இன்று இணையத்தின் பொருட்டும் கேட்கின்றோம். அதுவரையில், கிராம உத்தியோகத்தர் தரும் சான்றையே போதியதெனக் கம்பனிகள் ஏற்றல் வேண்டும். கம்பி இழுக்கத் தோட்ட நிருவாகங்கள் தடையின்றி இசைதல் வேண்டும்.

நான்காவது பல்கலைக்கழகத்தாரே செய்யத்தக்கது. கயிறு அறுவது இயல்பு என்பதை எண்ணிப் பாடங்களை அமைத்தல் வேண்டும். நேரடி வகுப்போடு ஒலிப்பதிவையும் எழுத்துக் குறிப்பையும் முன்கூட்டியே வைத்தால், பட்டினத்துக்கு வந்த வேளையில் இறக்கிக்கொண்டு, லயத்தில் இருந்தவாறே கற்கலாம், கற்பிக்கலாம். கூட்டத்துக்கு வந்து இணைய முடியாதவரை வராதவரெனக் குறித்தல் நீதியாகாது.

இவற்றுள் எதுவும் பெருமலையைப் பெயர்க்கும் செயலன்று. ராகலைக்கு இருப்புப் பாதை இட்டவர்கள் பாறையைப் பிளந்தும், பள்ளத்தை நிரப்பியும், தேயிலைப் பெட்டியின் பொருட்டு அத்தனை பாடும் பட்டனர். தேயிலைக்குக் கிடைத்த அக்கறையிற் பாதியேனும் அதனைப் பறித்தவர் பெற்ற பிள்ளைகளின் கல்விக்குக் கிடைத்தல் தகாதா? பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும், லேர்ன் அமைப்பினரும், மலையகத்தின் பெயரால் மன்றம் ஏறியோரும் ஒருமுறை ஒன்றுகூடி இதுபற்றிச் சிந்திப்பாராக. அடுத்த பெருமழையோ அடுத்த மின்வெட்டோ வந்து கதவைத் தட்டுமுன் ஆவன செய்வாராக.